பிறவிக்குணத்துக்கு ஆறு சொற்கள்

செய்யாறு பேருந்து நிலையத்திலிருந்து வண்டி கிளம்பி ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் ரேணுகா தூங்கிவிட்டாள். ஜன்னல் பக்கம் அவள், இந்தப் பக்கம் தணிகாசலம், இரண்டு பேருக்கும் நடுவில் அவளுடைய கைப்பை. எப்படித்தான் தூங்குகிறாளோ என்று நினைத்தான். இன்றைக்கு விசா அலுவலகத்தில் பதினொன்றரைக்குப் போய் நிற்க வேண்டும், மத்தியானம் தைவான் தலைமை அலுவலகத்தோடு வீடியோவில் பேச வேண்டும், அதற்கப்புறம் ஒன்பது மாதம் மொழிபெயர்ப்பு வேலையாகத் தைச்சுங் என்ற ஊரில் போய் உட்கார வேண்டும். இத்தனைக்கும் நடுவில் கட்டிய கணவன் இன்னும் சரி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. இவள் என்னடாவென்றால் வாயை லேசாகத் திறந்துகொண்டு, கண்ணாடியில் நெற்றி இடிக்க இடிக்கத் தூங்குகிறாள். இரண்டு வாரமாக அவள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். சாப்பாடு போடும்போது, துணி மடிக்கும்போது, ஒருநாள் கேஸ் சிலிண்டரை உருட்டிக்கொண்டே. "ஏங்க, என்ன முடிவு பண்ணீங்க?" அவன் ஒவ்வொரு தடவையும், "பார்க்கலாம்" என்றான். பார்க்கலாம் என்ற சொல்லில் எதிர்காலமும் உண்டு, அனுமதியும் உண்டு, ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். வகுப்பில் பிள்ளைகளுக்கு 'அல்' ஈற்று வியங்கோள் நடத்துகிறவனுக்கு இது தெரியாதா? தெரிந்துதான் சொன்னான். நேற்று அவள் கேட்கவில்லை. "நாளைக்கு ஏழு மணி பஸ். லீவு சொல்லிட்டீங்களா?" என்றாள், அவ்வளவுதான். அவனும் தலைமை ஆசிரியருக்கு ஃபோன் செய்து தற்செயல் விடுப்பு சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறான், எதற்கு வந்தோம் என்று தெரியாமல். வழியனுப்பவா, தடுக்கவா? இல்லை, அங்கே லின் வந்து நிற்பானோ, அவள் எந்த முகத்தோடு அவனிடம் பேசுவாளோ, அதைப் பார்க்கவா?

லின். அந்தப் பெயர் நெஞ்சுக்குள் வந்ததும் பஸ்ஸின் சூடு ஒரு படி ஏறினாற்போல் இருந்தது. வண்டி தூசி ஊருக்கு முன்னால் ஒரு டிராக்டரின் பின்னால் மாட்டிக்கொண்டு ஊர்ந்தது. லின்னை அவன் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறான், போன வருஷம் ஆயுத பூஜைக்கு, ரேணுகா வேலை செய்கிற தைவான் செருப்புக் கம்பெனியில், அவளுடைய மேலதிகாரியாக. ஐந்தாயிரம் பெண்கள் வேலை செய்கிற அந்தக் கொட்டகை முழுக்க மாவிலை, தையல் மெஷின் ஒவ்வொன்றுக்கும் சந்தனப் பொட்டு. லின் ஒல்லியாக, நரைத்த தலையோடு, காகிதப் பொட்டலத்திலிருந்து சுண்டலை ஒவ்வொன்றாக எடுத்துத் தின்றுகொண்டிருந்தான். பார்த்தால் ஐம்பத்தைந்துக்கு மேல் இருக்கும், பொறாமைப்பட என்ன இருக்கிறது என்று தணிகாசலம் அப்போதே தனக்குச் சொல்லிக்கொண்டான், சொல்லிக்கொண்டதே சந்தேகமாக இருந்தது. ரேணுகா தணிகாசலத்தைக் கூட்டிக்கொண்டு போய் அறிமுகம் செய்தாள். லின் கையைத் துடைத்துக்கொண்டு கும்பிட்டுவிட்டு என்னவோ பேசினான். நீளமாகப் பேசினான். மேலே ஏறி, கீழே இறங்கி, நடுவில் ஒரு இடத்தில் நிறுத்தி, கையால் எதையோ அளந்து காட்டி. ரேணுகா சிரித்தாள். கையை வாயில் வைத்துக்கொள்ளாமல், தோள் குலுங்க. வீட்டில் கடைசியாக அப்படி எப்போது சிரித்தாள்? அவளும் அதே ஏற்ற இறக்கத்தில் பதில் சொன்னாள், இரண்டு பேரும் சிரித்தார்கள், பிறகு அவள் திரும்பி, "உங்களைப் பாத்ததுல ரொம்ப சந்தோஷமாம்" என்றாள். அவ்வளவு நீளப் பேச்சுக்கு இவ்வளவுதானா தமிழ்? மிச்சம் எங்கே போயிற்று? அன்றைக்கு ராத்திரியெல்லாம் அந்த மிச்சத்தைத்தான் அவன் தேடிக்கொண்டிருந்தான். இன்றைக்கு வரைக்கும் தேடிக்கொண்டிருக்கிறான். இருபது வருஷமாக அந்த வீட்டில் சொல் என்றால் அவன்தான். கடிதமா, மனுவா, மகளின் பேச்சுப் போட்டியா, கல்யாணப் பத்திரிகையில் ஒற்று மிகுமா மிகாதா என்பதா, தெருவே அவனிடம்தான் வரும். ரேணுகா பன்னிரண்டாவது முடித்தவள், வருகைப் பதிவு எழுதுகிற வேலைக்குத்தான் அந்தக் கம்பெனிக்குப் போனாள். எட்டு வருஷத்தில், தையல் லைன்களுக்கு நடுவில் நின்றே, அந்த மனிதர்கள் கத்துவதையும் முணுமுணுப்பதையும் கேட்டுக் கேட்டே ஒரு முழு பாஷையைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டாள். அவனுக்குத் தெரியாத ஒரு வீடு கட்டி, அதில் தனியாகக் குடியிருக்கிறாள். தனியாகவா?

டிராக்டர் ஒதுங்கியதும் ஓட்டுநர் வண்டியை வெடுக்கென்று எடுத்தார். கைப்பை சரிந்து அவன் மடியில் விழுந்தது. ஜிப் பாதி திறந்திருந்தது, உள்ளே விசா ஃபைல், சீப்பு, மாத்திரை அட்டை, நீல அட்டை போட்ட நோட்டு. அந்த நோட்டை அவனுக்குத் தெரியும். சமையல் மேடையில் கிடக்கும், அவன் வந்தால் மூடுவாள். மறைக்க மூடுகிறாளா, மேடையில் இடம் வேண்டுமென்று மூடுகிறாளா என்று ஆறு மாதமாக அவனுக்குப் புரியவில்லை. அதற்காகத்தானே ஆசிரியர் அறையில், விடைத்தாள் கட்டுக்குப் பின்னால் ஃபோனை வைத்துக்கொண்டு, காதில் மாட்டியதை மப்ளரால் மூடிக்கொண்டு, யாருக்கும் தெரியாமல் அந்தச் சீன எழுத்தைப் படிக்க ஆரம்பித்தான்! நாற்பத்தாறு வயதில், தமிழாசிரியன், ஒன்றாம் பாடம்: நான், நீ, அவன். இருநூறு எழுத்து தேறியிருக்கும். பொறாமை என்பதற்கு என்ன எழுத்து என்று ஒருநாள் தேடிப் பார்த்தான். இரண்டு எழுத்து, இரண்டிலும் இடது பக்கம் பெண். ஒன்றில் பெண்ணுக்குப் பக்கத்தில் கதவு. அவனுக்குச் சிரிப்பும் கோபமும் வந்தது. பெண் எதற்கு? கதவுக்குப் பக்கத்தில் நிற்கிறவன் நான்தானே, மீசை வைத்துக்கொண்டு? அவள் முகத்தைப் பார்த்தான். மூச்சு சீராக வந்தது. காதோரம் ஒரு நரை, மை பூச மறந்தது. எடுக்காதே என்று நினைத்தான், நினைக்கும்போதே எடுத்துவிட்டான்.

நோட்டின் நடுப்பக்கத்தில் ஒரு கிளிப் குத்தியிருந்தது, அது தானாகவே திறந்தது. அவள் கையெழுத்து இல்லை. மெல்லிய கறுப்புப் பேனா, கோடுகள் ஒவ்வொன்றும் ஊசி நட்டதுபோல் நிமிர்ந்து. லின்தான். பக்கத்தின் தலைப்பில் பெரிதாக ஒரே எழுத்து, அதன் கீழே ஐந்து சொல், ஒவ்வொன்றுக்கும் எதிரே ரேணுகாவின் பென்சில் தமிழ், உருண்டை உருண்டையாக. தலைப்பெழுத்துக்குப் பக்கத்தில் 'ஷிங்' என்று எழுதி, 'நெஞ்சு + பிறப்பு. கூடவே பிறந்த குணம்' என்று போட்டிருந்தாள். அவன் எழுத்தை உற்றுப் பார்த்தான். இடது பக்கம் ஒரு குத்துக்கோடும் இரண்டு புள்ளியும், அது நெஞ்சு. வலது பக்கம் மண்ணிலிருந்து முளைக்கிற மாதிரி, அது பிறப்பு. சரியாகத்தான் எழுதியிருக்கிறாள். அடுத்தது 'தியென்ஷிங்', வானம் கொடுத்த குணம். கை விரித்து நிற்கும் ஆள், தலைக்கு மேல் ஒரு கோடு. 'குழந்தைக்கு விளையாட யார் சொல்லிக்கொடுத்தது? (அவர் உதாரணம்)' என்று அடைப்புக்குறிக்குள். மூன்றாவது 'பென்ஷிங்', மரத்தின் அடியில் ஒரு சின்னக் கோடு, வேர். 'வேர்க்குணம். திட்டுவதற்கும் இதுதான். கவனம்!' நான்காவது 'பிங்ஷிங்', நெற்கதிரைப் பிடித்திருக்கும் கை. 'கையில் பிடித்துக்கொண்டே பிறந்தது.' அடடா என்று அவனை அறியாமல் மனசுக்குள் ஒரு சத்தம் வந்தது, உடனே அந்த அடடாவின் மேல் கோபம் வந்தது. கையில் பிடித்துக்கொண்டே பிறந்தது. இந்த வரியை அவளாக எழுதினாளா, லின் சொல்லி எழுதினாளா? அவளாக எழுதியிருந்தால் இத்தனை நாள் இது எங்கே இருந்தது? வீட்டில் அவனிடம் பேசும்போது உப்பு தீர்ந்துவிட்டது, மோட்டார் ஓடவில்லை, மகள் ஹாஸ்டலிலிருந்து பேசினாள், இதற்கு மேல் அவள் ஒரு வரி பேசியதில்லை. பேசவிட்டானா என்று ஒரு கேள்வி எட்டிப் பார்த்தது, அதை அவன் பார்க்காததுபோல் தாண்டினான். இரண்டு பேரும் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருப்பார்கள்? ஆறு சொல் எழுத, ஒவ்வொன்றுக்கும் உதாரணம் சொல்ல, அவள் புரியவில்லை என்க, அவன் மறுபடி வேறு மாதிரி சொல்ல, ஒரு மணி நேரமாவது ஆகியிருக்கும். எந்த அறை? கதவு திறந்திருந்ததா? ஏ.சி. அறை என்றால் கதவை மூடித்தான் வைத்திருப்பார்கள்.

எந்த நாள் என்று அவனுக்குத் தெரியும், அதுதான் இன்னும் எரிச்சல். மாசி மாதம், செவ்வந்தி விஷயம் நடந்த வாரம். செவ்வந்தி என்று ஒரு பெண், பத்தொன்பது வயசு, ஒட்டும் லைனில் இருந்தவள். செருப்பின் சோலைக் கோணலாக ஒட்டினாள் என்று ஒரு தைவான் சூப்பர்வைசர் அவளைப் பிடித்துக் கத்தியிருக்கிறார். கத்தியதில் இந்தச் சொற்களில் ஒன்று இருந்திருக்கிறது. மொழிபெயர்க்க நடுவில் நின்ற ரேணுகா, லைன் ஓடுகிற சத்தத்தில், அவசரத்தில், தமிழில் சொன்னாள்: "கவனமில்லாம இருக்கறது உன் பிறவிக்குணமே அப்படின்னு சொல்றாரு." செவ்வந்தி பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டாள். "பொறப்பப் பத்திப் பேசாதீங்க மேடம்" என்றாள். அந்தப் பெண் எந்தத் தெருவிலிருந்து கம்பெனி பஸ்ஸில் ஏறுகிறாள் என்பது லைனில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும், ரேணுகா எந்தத் தெருவிலிருந்து வருகிறாள் என்பதும் தெரியும். நாற்பது பெண்கள் கையைக் கட்டிக்கொண்டு எழுந்து நின்றார்கள். அரை நாள் மெஷின் ஓடவில்லை. மறுநாளிலிருந்து செவ்வந்தி வேலைக்கு வரவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் ரேணுகா செருப்பைக் கழற்றாமல் கூடத்தில் வந்து நின்றதும், அவன் திருப்புதல் தேர்வு விடைத்தாளில் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்திருந்ததும் இப்போதும் கண்ணில் நிற்கிறது. நடந்ததையெல்லாம் சொன்னாள். அவன் ம் போட்டான். "ஏங்க, பிறவிக்குணம்னு சொல்லாம, பிறப்பு பேச்சே வராம, அதுக்கு வேற என்ன சொல் இருக்கு? லின் ஆறு சொல் சொல்றாரு. ஒவ்வொண்ணும் வேற வேற." லின் சொல்றாரு. அந்த இடத்தில்தான் அவனுக்குக் குத்தியது. மனசிலிருந்து செவ்வந்தி போய்விட்டாள், நாற்பது பெண்கள் போய்விட்டார்கள், லின் சொல்றாரு மட்டும் நின்றது. "இயல்புன்னு போடு. எல்லாம் ஒண்ணுதான்" என்றான், நிமிராமல். எல்லாம் ஒன்றில்லை என்று அவனுக்குத் தெரியாதா? இயல்பு வேறு, சுபாவம் வேறு, தன்மை வேறு, குணம் வேறு, பழக்கம் வேறு. அரை மணி நேரம் உட்கார்ந்து பேசியிருக்கலாம். தமிழுக்காக உட்கார்ந்த மாதிரியும் இருந்திருக்கும், அவளுக்கு ஒத்தாசையாகவும் இருந்திருக்கும். அவள் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உள்ளே போனாள். அவன் ஒரு பையனின் தாளில் சரியான விடையைத் தப்பென்று அடித்து, பிறகு அதை அடித்துத் திருத்தினான். இப்போது அந்தப் பக்கத்தின் அடியில் அவனே இருக்கிறான். 'இயல்பு — அவர் சொன்னது. எல்லாம் ஒன்றுதானாம்.'

தானாம். அந்த 'ஆம்' அவனை நிறுத்திவிட்டது. ஒன்றுதான் என்று எழுதியிருக்கலாம், ஒன்றுதானாம் என்று எழுதியிருக்கிறாள். சொன்னது எனதில்லை, எனக்கு நம்பிக்கையில்லை, அவர் அப்படிச் சொல்கிறார், கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு எழுத்தில் தள்ளி வைத்துவிட்டாள். கெட்டிக்காரி. ஆனால் அதைவிட அந்த 'அவர்' அவனைப் பிடித்துக்கொண்டது. கல்யாணமான நாளிலிருந்து அவள் வாயில் அவர் என்றால் அவன்தான். பெயர் சொல்ல மாட்டாள். பால்காரனிடம் 'அவர் வரட்டும்', அம்மாவிடம் 'அவருக்குப் புளி ஆகாது', ஊரில் எத்தனை ஆண்கள் இருந்தாலும் அந்தச் சொல் நேராக அவன்மேல் வந்துதான் உட்காரும். இந்தப் பக்கத்தில் மேலே ஒரு அவர் இருக்கிறது, குழந்தை விளையாடுகிற உதாரணத்தில், அது லின். கீழே ஒரு அவர், அது இவன். ஒரே பக்கத்தில், ஒரே பென்சிலில், ஒரே சொல்லில் இரண்டு ஆம்பிளைகள். அவளுக்கு எழுதும்போது இது உறைத்திருக்காதா? ஒரு கோடு, ஒரு குறி, லின் என்று இரண்டு எழுத்து எழுதினால் என்ன? வண்டி மாமண்டூரைத் தாண்டியது. நடத்துனர் யாரிடமோ, "படியில நிக்காதம்மா, உள்ள வா" என்று கத்தினார். ரேணுகா தூக்கத்தில் முகத்தைத் திருப்பி அவன் தோளில் சாய்ந்தாள். தோளை நகர்த்தவும் முடியவில்லை, நோட்டை மூடவும் முடியவில்லை. நடுவில் இன்னும் இரண்டு சொல் இருந்தது. கடைசிச் சொல் 'ஷீஷிங்', மேலே இரண்டு சிறகு. 'குஞ்சு பறந்து பறந்து பழகுவது. பழகி வந்த குணம். மாறும். செவ்வந்திக்குச் சொல்லியிருக்க வேண்டியது இது.' மாறும் என்பதன் கீழே இரண்டு கோடு. அதற்கு மேலே 'பீச்சி'. மண்ணீரல், காற்று. 'முன்கோபம், சிடுசிடுப்பு. அவருக்கு இது அதிகம்.' அவருக்கு என்றால் யாருக்கு? அவன் அந்த வரியை நாலைந்து தடவை படித்தான். லின்னுக்கு என்றால் லின்னின் கோபம் அவளுக்கு எப்படி இத்தனை பழக்கம்? இவனுக்கு என்றால், இவனுடைய சிடுசிடுப்பைப் பற்றிக் கம்பெனியில் உட்கார்ந்து பேச்சா? இரண்டில் எது மேல்? எதுவும் மேலில்லை. லின்னாகவே இருக்கட்டும் என்று ஒரு நொடி வேண்டிக்கொண்டான், அடுத்த நொடி ஐயோ லின்னாக இருக்க வேண்டாம் என்று வேண்டிக்கொண்டான். அப்போதுதான் அந்த வரியின் ஓரத்தில், கறுப்புப் பேனாவில், சின்னதாக மூன்று எழுத்து இருப்பதைப் பார்த்தான். அவனுக்கு அந்த மூன்றும் தெரியும். இரண்டாம் பாடம். தேட வேண்டியதில்லை, கூட்ட வேண்டியதில்லை, தமிழைப் போலவே கண்ணில் பட்டதும் புரிந்தது. நானும் அப்படித்தான்.

ஆக, அவர் என்றால் இவன். அவள் சொல்லியிருக்கிறாள், என் வீட்டுக்காரருக்கு மண்ணீரல் காற்று அதிகம் என்று. லின் பேனாவை எடுத்து, நானும் அப்படித்தான் என்று எழுதியிருக்கிறான். அதற்கப்புறம் சிரித்திருப்பார்கள். தோள் குலுங்க. பாலாற்றுப் பாலத்தில் வண்டி ஏறியது, காற்று திடீரென்று உள்ளே பாய்ந்தது, பக்கம் படபடவென்று அடித்துக்கொண்டது. அதை அடக்கத்தான் கையை வைத்தான் என்று பிற்பாடு தனக்குச் சொல்லிப் பார்த்தான், நிற்கவில்லை. கிழித்தான். ஓரத்திலிருந்து, மெதுவாக, சத்தம் வராமல், விடைத்தாளிலிருந்து உபரித்தாள் பிரிப்பதுபோல் கிழித்து, தூங்குகிறவளின் முகத்துக்கு முன்னால் கையை நீட்டி ஜன்னலுக்கு வெளியே விட்டான். அது கீழே போகவில்லை. பஸ்ஸோடு கூடவே கொஞ்ச தூரம் பறந்தது, பிறகு கைப்பிடிச் சுவருக்கு மேலே எழும்பி, தண்ணீரில்லாத ஆற்று மணல் பக்கம் போயிற்று. உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. பாலம் முடிவதற்குள் அந்த லேசு போய்விட்டது. பதிலுக்கு வந்தது பயம், பையில் கையை விட்டு அகப்பட்ட பையனின் பயம், காது மடல் சூடாகிற பயம். நோட்டை மூடிப் பைக்குள் திணித்தான், ஜிப்பை முழுக்க இழுத்தான், ஐயோ பாதிதானே திறந்திருந்தது என்று மறுபடி பாதி திறந்தான்.

காஞ்சிபுரத்தில் வண்டி பத்து நிமிஷம் நின்றது. ரேணுகா கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்தாள், தண்ணீர் குடித்தாள், "நல்லா தூங்கிட்டேன் போல" என்றாள். "மத்தியானம் அவங்க செவ்வந்தி விஷயத்தைத்தான் கேப்பாங்க. ஒரு தடவை பாத்துக்கறேன்" என்று நோட்டை எடுத்தாள். கிளிப் இருந்தது, பக்கம் இல்லை. அவள் விரல் கிழிந்த ஓரத்தில் ஒரு தடவை மேலும் கீழும் போயிற்று. அவனைப் பார்க்கவில்லை.

"எங்க?" என்றாள்.

பொய் சொல்ல ஒரு நொடி இருந்தது. "பாலத்துல விட்டுட்டேன்" என்றான்.

"ஏன்?"

"என்னைப் பத்தி அவன்கிட்டப் பேசியிருக்க. எனக்கு முன்கோபம்னு. அதுக்கு அவன் எழுதியிருக்கான், நானும் அப்படித்தான்னு."

அவள் இப்போது திரும்பினாள். "உங்களுக்கு அது எப்படிப் படிக்கத் தெரியும்?"

"கொஞ்சம் தெரியும். ஆறு மாசமா."

"எதுக்குப் படிச்சீங்க?"

பாஷை ஆசையென்று சொன்னால் அவள் நம்பக்கூடும், நம்பினால் இன்னும் கேவலம். முன்சீட்டுக் கிழவர் பேச்சைக் கேட்க வாகாகக் கழுத்தைச் சாய்த்துக்கொண்டார். ரேணுகா குரலைத் தாழ்த்தினாள். "லின்னோட சம்சாரம் பதினோரு வருஷமா அவர்கிட்டப் பேசறதில்ல. அந்தக் கோபத்தாலதான். அன்னிக்கு நான் உங்ககிட்டக் கேட்டேன், நீங்க தலையக்கூட நிமிரல. மறுநாள் அவர் பீச்சின்னு எழுதினதும் எனக்குத் தாங்கல, சொல்லிட்டேன். தப்புத்தான். அவர் அந்த மூணு எழுத்தை எழுதிட்டுப் பேனாவை மூடிட்டாரு. அப்புறம் கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் ஒண்ணுமே பேசல."

சிரிக்கவில்லை. அவன் ஆறு மைல் தூரம் எழுப்பிய சிரிப்பு நடக்கவே இல்லை. ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அந்தப் பேசாத கொஞ்ச நேரத்தின் மேலும் அவனுக்குப் பொறாமையாகத்தான் இருந்தது, சிரிப்பின் மேல் இருந்ததைவிட அதிகமாகவே. இது எங்கே போய் முடியும் என்று அவனுக்கே அலுப்பாக வந்தது. வண்டி கிளம்பியது. அவள் பென்சிலை எடுத்து, முழங்காலில் நோட்டை வைத்து, வண்டி குலுங்கக் குலுங்க ஒவ்வொன்றாக எழுதினாள். நெஞ்சு, பிறப்பு. வானம். வேர். கதிர். மண்ணீரல். சிறகு. நிறுத்தி யோசிக்கவில்லை. அவளுடைய கோடுகள் கொஞ்சம் சாய்ந்து, வேகமாக, வேலை செய்கிறவளின் கோடுகளாக இருந்தன. ஆறும் அவளுக்குள்ளேயேதான் இருந்திருக்கிறது, அவன் எதைக் கிழித்தான்? "பென்ஷிங்குக்கு 'அடிப்படைக் குணம்'னு போடு. பிறப்பு வராது" என்றான் மெதுவாக. "போட்டாச்சு" என்றாள், காகிதத்தைக் காட்டாமல்.

ஸ்ரீபெரும்புதூர் சுங்கச்சாவடியில் வண்டி வரிசையில் நின்றபோது அவள் நோட்டை மூடினாள். "இத்தனை நாள் உங்களைக் கேட்டேன். இப்ப கேக்கல, சொல்றேன். நான் போறேன்."

"லின்னும் வர்றாரா?" வாயிலிருந்து வந்த பிறகுதான் என்ன கேட்டோம் என்று அவனுக்குத் தெரிந்தது.

"இல்ல. அவர் இங்கதான் இருப்பாரு." அவள் சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "வந்தாலும் போவேன்."

இருபது வருஷமாகச் சொல்லாத ஒன்றைச் சொல்லப் போகிறவனுக்கு இலக்கணமெல்லாம் எங்கே போகுமோ தெரியவில்லை. "பொறாமையா இருக்கு ரேணு" என்றான். "மொதல்ல அவன் மேல இருந்துது. இப்ப அப்படி இல்ல. நீ அங்க வேற ஆளா இருக்க. அந்த ஆளை எனக்குத் தெரியல. அவனுக்குத் தெரியுது." அவள் நோட்டைப் பைக்குள் வைத்தாள். "தெரியும்" என்றாள். "அதுக்காக நான் சின்னதா ஆக முடியாதுங்க." குரலில் கோபம் இல்லை. வண்டி நகர்ந்தது. கோயம்பேட்டில் இறங்கி ஆட்டோ பிடித்தார்கள்.

விசா அலுவலகத்துக்குள் விண்ணப்பித்தவர்களுக்கு மட்டும்தான் அனுமதி. காவலாளி அவனை வாசலிலேயே நிறுத்திவிட்டார். அவன் எதிர்ப்பக்கத்து வேப்பமர நிழலில், இளநீர் வண்டிக்காரர் பக்கத்தில் நின்றான். வெயில் தாரை உருக்கிக்கொண்டிருந்தது. "யாருக்கு சார் வெயிட்டிங்?" என்றார் அவர், அரிவாளைக் கல்லில் தீட்டிக்கொண்டே. "வீட்ல. தைவான் போறாங்க." போறாங்க என்று அவன் வாயில் வந்தது அவனுக்கே புதிதாக இருந்தது. "நீங்க போவல?" "இல்ல. அவங்களுக்குத்தான் அந்த பாஷை தெரியும்." "அட, மேடம் அவ்ளோ படிச்சவங்களா?" என்றார் இளநீர்க்காரர். "படிக்கல. கேட்டுக் கேட்டே பிடிச்சாங்க" என்றான் தணிகாசலம். சொல்லும்போது நெஞ்சில் பெருமை மாதிரி ஒன்று கிளம்பியது, கூடவே அந்தப் பழைய எரிச்சலும் கிளம்பியது. எது முந்திக்கொள்ளும் என்று கவனித்தபடி நின்றான். இரண்டும் போகவில்லை. ஒன்றே முக்கால் மணி நேரம் இரண்டையும் வைத்துக்கொண்டே நின்றான்.

அவள் வெளியே வந்தபோது முகம் வேர்த்திருந்தது. சாலையைக் கடந்து வந்து நிழலில் நின்றாள்.

"ஆச்சா?"

"ஆச்சு. பத்து நாள்ல வந்துடுமாம்." இளநீரை வாங்கி உறிஞ்சினாள். பாதியில் நிறுத்தி, "நான் போகக் கூடாதுன்னு நீங்க கடைசி வரைக்கும் நின்னிருந்தா என்ன பண்ணியிருப்பேன்னு நெனக்கிறீங்க?" என்று கேட்டாள்.

அவன் யோசிக்கவில்லை. "போயிருப்ப."

"ஆமா" என்றாள் ரேணுகா.

அந்த ஆமாவில் ஈறும் இல்லை, இரட்டைப் பொருளும் இல்லை. வலித்தது. நாள் முழுக்க வலித்ததில் இது ஒன்றுதான் சந்தேகமில்லாத வலியாக இருந்தது, அதனால் அவனால் அதோடு நிற்க முடிந்தது. "வழுக்கை எடுக்கட்டுமாம்மா?" என்றார் இளநீர்க்காரர். "எடுங்க" என்று அவள் காயை நீட்டினாள். அடுத்து வீடியோவில் பேச எந்த இடத்துக்குப் போக வேண்டும், எந்த பஸ் என்று அவன் கேட்டான். அவள் சொன்னாள்.